வாயக்காவுக்குத் தெரியாத மொழி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வாயக்கா என்று பேர். துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா கிண்டலுக்கு வைத்தது. வார்டு வார்டாகப் பரவி, கடைசியில் பெரிய டாக்டரே போனை எடுத்து, "வாயக்காவை மேல அனுப்புங்க" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. கால் ஓட்டத்துக்கோ கண் விழிப்புக்கோ ஆஸ்பத்திரி அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, வாய்க்குத்தான் கொடுத்தது.

வேலை மொழிபெயர்ப்பு. பிழைப்புத் தேடி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிற ஊர் அது. மலைக்காரர்கள் கட்டட வேலைக்கு வந்தார்கள், தீவுக்காரர்கள் துறைமுகத்துக்கு வந்தார்கள், எல்லை தாண்டி வந்தவர்கள் எந்த வேலை கிடைத்தாலும் சரியென்று வந்தார்கள். எல்லோருக்கும் வயிற்றுவலி வரும். வயிற்றுவலியை டாக்டரிடம் ஊர் மொழியில் சொல்லத் தெரியாது. வாயக்காவுக்கு ஐந்து மொழி தெரியும். நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்துகொள்வாள். இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. நோயாளி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, ஆறுதலுக்கென்று ஒரு சொல் செருகக் கூடாது. இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் வாயக்கா ஒரே காலையில் பிள்ளை பெறுவாள், மூலத்தால் அவதிப்படுவாள், 'குடியை விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர்' என்று பக்கத்து ஆளின் பொய்யைக் கூசாமல் தன் வாயால் சத்தியம் பண்ணுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கும். அவளுடைய சொந்த வார்த்தை என்று அன்றைக்கு ஒன்றுகூட வெளியே வந்திருக்காது.

மொழி மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது என்பதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். மலைக்காரர்களிடம் வலிக்கிறதா என்று முதல் தடவை கேட்டால் இல்லை என்பார்கள். இரண்டாம் தடவையும் இல்லைதான். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் உண்மை வரும், அதுவரை கேட்கிறவருக்கு நிஜமாகவே அக்கறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரக்கார டாக்டர்கள் முதல் 'இல்லை'யோடு எழுதி மூடிவிடுவார்கள். தீவுக்காரர்கள் தலையை இடவலமாக ஆட்டினால் ஆமாம் என்று பொருள். எல்லை தாண்டி வந்த பெண்கள் டாக்டரின் கண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். அது மரியாதை. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், 'இந்தம்மா எதையோ மறைக்குது' என்று அரைமணி நேரம் துருவி எடுத்துவிட்டார். பாவம், அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு அவருக்குக் கும்பிடாத குறையாக மரியாதை செலுத்திக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு தெரிந்தவள் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். சொந்தக்காரர்களை மொழிபெயர்க்க விடமாட்டாள். 'எம் பொண்ணுதாங்க, அவளே சொல்லிடுவா' என்று அப்பாக்கள் கெஞ்சுவார்கள். ம்ஹூம். சொந்தக்காரர்கள் முழுங்குவார்கள் என்பது அவள் கட்சி. டாக்டர் பத்து வாக்கியம் பேசுவார், பெண் அப்பாவிடம் 'ஒண்ணுமில்லப்பா, மாத்திரை குடுப்பாங்க' என்பாள். மீதி ஒன்பதும் அந்தப் பெண்ணின் தொண்டையில் போய்விடும். வாயக்கா அந்த மாதிரி நேரத்தில் பொறுக்க மாட்டாள். "நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்று அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. கல்நெஞ்சுக்காரி என்று நிறையப் பேர் வைதிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும்போது அடித்துப் போட்டாற்போல் இருக்கும். கதவைத் திறந்ததும் அவள் கணவர் ஒன்றும் கேட்க மாட்டார். பஸ் பணிமனையில் மெக்கானிக். நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவர், அமைதியின் அருமை தெரிந்தவர். டீயைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகுட்டி இல்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பேர்தான் அவர்கள் வீட்டில் பேச்சு.

மெக்கானிக் வெளியூர்க்காரர். ஆற்றோரத்தில் வாழ்கிற ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் மொழி பேச அந்த நகரத்தில் ஆளே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவளுடைய ஊர் மொழியில்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மட்டும் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, தன் மொழியில் ஓயாமல் பேசுவார். வாயக்கா பக்கத்துச் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அவருடைய ஒரு வார்த்தை அவளுக்குப் புரியாது. அந்தப் புரியாமைக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு எந்த மொழி காதில் விழுந்தாலும் மூளை தானாக வேலையைத் தொடங்கிவிடும். பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டால் அதை மனசுக்குள் மாற்றிக்கொண்டிருப்பாள். இரண்டு மலைக்காரிகள் மாமியாரைப் பற்றிப் புலம்பினால் இவளுக்குத் தலைவலி வரும். உலகத்தில் அவளுக்கு வேலை வைக்காத ஒரே மொழி கணவருடைய மொழிதான். அதில் அவர் குரல் மட்டும் இருந்தது, ஏற்றமும் இறக்கமுமாக, மழை விழுகிற மாதிரி. "உனக்கும் சொல்லித் தரட்டுமா?" என்று ஆரம்பத்தில் அவர் கேட்டதுண்டு. "ஐயோ சாமி, ஆள விடுங்க. இதுலயாவது எனக்கு லீவு குடுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

நாத்தனார் விடவில்லை. மெக்கானிக்கின் அக்காவுக்கு அது ஆறாத புண். வருஷத்துக்கு ஒரு தடவை இவர்கள் ஊருக்குப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அஞ்சு பாஷை பேசறவளுக்கு எங்க பாஷை மட்டும் எளக்காரமாப் போச்சு" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வார், இவளுக்குக் கேட்க வேண்டும் என்று இவளுடைய ஊர் மொழியிலேயே சொல்வார். வாயக்கா பதில் பேசியதில்லை. காலமெல்லாம் அடுத்தவர் பேச்சைப் பேசியவளுக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவே சோம்பலாக இருந்தது.

ஒரு காலையில் மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டே விழுந்தார். வலது கையும் காலும் துவண்டுவிட்டன. அவளுடைய ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். உயிர் தங்கியது. கண் விழித்தவர் அவளைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு என்னவோ சொன்னார். ஆற்றோர மொழி. அவள், "என்னங்க? நம்ம பாஷையில சொல்லுங்க" என்றாள். அவர் மறுபடி அதையே சொன்னார். முகத்தில் குழப்பம். அவள் பேசுவது அவருக்கு எட்டவில்லை.

நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண், வாயக்காவோடு நிறைய வேலை பார்த்தவள். வராந்தாவுக்கு அழைத்துப் போய் நிதானமாகச் சொன்னாள். "சில பேருக்கு இப்படி ஆகும்க்கா. நடுவுல கத்துக்கிட்ட பாஷை போயிடும், சின்ன வயசுல பேசினது மட்டும் நிக்கும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழி அவர் தலையிலிருந்து வழித்துத் துடைத்தாற்போல் போய்விட்டது. மிச்சமிருப்பது அவள் வேண்டவே வேண்டாம் என்று தள்ளி வைத்த ஒன்று. லீவு கேட்டாளல்லவா, இனி ஆயுசுக்கும் லீவுதான். பொறி கலங்கிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது. அப்படியே விட்டால் இதைவிடப் பெரிதாக இன்னொரு தாக்குதல் எப்போது வேண்டுமானாலும் வரும், அதில் பிழைப்பது கஷ்டம். ஆபரேஷன் பண்ணலாம். ஆனால் மேஜையிலேயே உயிர் போகவும் வாய்ப்பு உண்டு, மொத்தமாகப் படுக்கையில் விழவும் வாய்ப்பு உண்டு. "அவருக்கு நினைவு தெளிவா இருக்குக்கா. அவர்தான் முடிவு பண்ணணும். அவர் சரின்னு சொல்லாம நான் கத்தி எடுக்க முடியாது. சட்டம் உங்களுக்கே தெரியும்."

தெரியும். எத்தனையோ பேருக்கு அந்தச் சட்டத்தை அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஆற்றோர மொழிக்கு ஆள் வேண்டும் என்று எல்லா இடத்துக்கும் போன் போட்டாள். எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, எந்தக் கோர்ட்டிலும் இல்லை. இருந்தது ஒரே ஒருத்தர். போனை எடுத்து, "அண்ணி, கெளம்பி வாங்க" என்றாள்.

நாத்தனார் மறுநாள் காலையில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். தம்பியைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். மெக்கானிக்கும் கோணிய வாயால் விடாமல் பேசினார். அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் பேசப் பேச, வாயக்கா தன் ஆஸ்பத்திரியில், தன் புருஷன் கட்டிலருகே, வழி தவறி வந்தவள் மாதிரி நின்றாள்.

டாக்டர் வந்தாள். வாயக்காவுக்கு வழக்கமான ஸ்டூலில் இன்று நாத்தனார் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அடைப்பைப் பற்றிச் சொன்னாள், நாத்தனார் தம்பியிடம் சொன்னார், மெக்கானிக் தலையாட்டினார். ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. அடுத்து டாக்டர், "இதுல உயிருக்கு ஆபத்து இருக்கு. படுத்த படுக்கையாகவும் ஆகலாம்" என்றாள். நாத்தனார் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மெக்கானிக் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டினார்.

"சரிங்கறான்" என்றார் நாத்தனார்.

"அண்ணி, நீங்க சொல்லல" என்றாள் வாயக்கா.

"என்ன சொல்லல?"

"செத்துப் போகலாம்னு டாக்டர் சொன்னத. அத நீங்க முழுங்கிட்டீங்க."

நாத்தனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எங்க பாஷை ஆகாதே!"

"பாஷை தெரியாது. அவர் மூஞ்சி தெரியும். சாவுன்னு காதுல விழுந்தா இப்படிச் சிரிக்க மாட்டார்."

அந்த நேரம் பார்த்து டாக்டருக்கு அவசர வார்டிலிருந்து போன் வந்தது. "இதோ வந்துடறேன். நீங்க பேசி வைங்க" என்று வெளியே ஓடினாள். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பொங்கிப் பொங்கி அழுதார்.

"முழுங்காம என்னடி செய்யச் சொல்ற? எங்க பக்கத்துல ஒரே வயித்துல பொறந்தவங்க ஒருத்தர் சாவ ஒருத்தர் வாயால சொல்லக் கூடாது. சொன்னா பலிச்சிடும். எங்கப்பாவுக்குச் சாவு வந்தப்ப அவர் தம்பி வாயத் தொறக்கல, எங்கம்மாதான் சொன்னா. வேற வயித்துல பொறந்தவதான் சொல்லணும். எங்க ஆளுங்க கல்யாணம் கட்டறதே அதுக்குத்தான்னு வெச்சுக்கோயேன்." மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். "நீதானே பொண்டாட்டி? நீ சொல்லு. வார்த்தைய நான் தரேன்."

வேறு வழி இல்லை. நாத்தனார் அவள் காதில் மெல்லச் சொல்லிக்கொடுத்தார். வாயக்காவுக்கு மொழி பிடிபட எப்போதும் அதிக நேரம் ஆனதில்லை. இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு கட்டிலருகே குனிந்து, கணவரின் மொழியில், ஆயுசில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள். "இந்த வைத்தியத்துல நீங்க செத்துப் போகலாம். பிழைச்சாலும் எழுந்திருக்காம போகலாம்."

மெக்கானிக் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சொன்ன சேதிக்காகவா, சொன்ன வாய்க்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் நிறையப் பேசினார், அவளுக்கு எல்லாம் புரியும் என்பதுபோல அவளைப் பார்த்தே பேசினார். அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"வேணாங்கறான்" என்றார் நாத்தனார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றான். எத்தன நாள் இருக்கோ அத்தன நாள் இருந்துட்டுப் போறானாம்." சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு. டாக்டரம்மா வந்தா சரின்னு சொல்லிட்டான்னு சொல்லிடுவோம். உனக்கும் எனக்கும்தான் தெரியும். யாரு வந்து கேக்கப் போறா? எந் தம்பி பொழைக்கட்டும்டி."

ஒரு சொல். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். வாயக்காவுக்கு அந்த ஆசை வந்ததா என்றால், வந்தது. இவ்வளவு காலம் வெளியே உட்காரச் சொல்லி விரட்டிய எல்லாப் பெண்களும் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தார்கள். அவர்களை அப்படி அனுப்பியதற்கெல்லாம் சேர்த்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் படுத்திருப்பவர் அவளை நம்பிப் பேசியிருந்தார்.

டாக்டர் திரும்பி வந்து, "என்ன சொல்றாருக்கா?" என்றாள். நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "என் வாயால வராது" என்றார்.

வாயக்கா நிமிர்ந்து நின்றாள். வழக்கமான அந்தக் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாத வேலைக் குரல் தானாக வந்தது. "எனக்கு ஆபத்து என்னன்னு புரிஞ்சுது டாக்டர். எனக்கு ஆபரேஷன் வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்."

டாக்டர் கட்டிலில் இருப்பவரைப் பார்த்தாள். பிறகு, எந்த டாக்டரும் அந்த அறைகளில் அவளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். "அது அவர் சொன்னது. நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"நானா?" என்றாள் வாயக்கா. "நான் என்ன சொல்றது. அவர் முடிவு."

"முடிவு அவரோடதுதான். நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

வாயைத் திறந்தாள். ஐந்து மொழியும் கைவிட்டுவிட்டன. பிறகு அழுகையோடு அழுகையாக, ஊர் மொழியில் கொட்டினாள். "எனக்கு இவர் வேணும் டாக்டர். நடக்கலன்னாலும் பரவால்ல, பேசலன்னாலும் பரவால்ல. வீட்டுக்குப் போனா எதிர் நாற்காலியில இவர் இருக்கணும். அதுக்குமேல நான் யாருகிட்டயும் எதுவும் கேக்கல. எனக்கு இவரை விட மனசில்ல."

நாத்தனார் திரும்பினார். யாரும் சொல்லாமலே தம்பி காதருகே குனிந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தார். வாயக்கா விம்மியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முழுங்கவில்லை. அவள் சொன்ன நீளத்துக்கு நாத்தனாரும் சொன்னார், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இடது கையால் அக்காவின் புடவையை இழுத்து, துண்டு துண்டாக என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு அண்ணி? அப்படியே சொல்லுங்க."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே சொல்றேன். 'நான் படுத்துக் கெடந்தா அவளுக்கு இன்னொரு பாரம்னு நெனைச்சேன். ஊர் வலியெல்லாம் சொமந்து களைச்சுப் போய் வர்றா, வீட்டுலயும் ஒரு நோயாளியான்னுதான் வேணாம்னேன். அவளுக்கு நான் வேணும்னா, அறுக்கச் சொல்லு.'" மீதியையும் சொன்னார். "'இத்தன வருஷம் இத ஏன் ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லல?' அப்படின்னு உன்னக் கேக்கறான்."

டாக்டர் குனிந்து மெக்கானிக்கின் கையைத் தொட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சரியா என்பதுபோல் தலையாட்டிக் கேட்டாள். அவரும் ஆட்டினார். ஏற்பாடு செய்ய அவள் வெளியே போனாள். கட்டிலில் இருந்தவர் வாயக்காவின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"களைப்பா இருந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள் வாயக்கா. "வேற காரணமே இல்லன்னு சொல்லுங்க."

நாத்தனார் சொன்னார்.